வெள்ளைமனை ஊருணியின் காவல்காரன்

பரமக்குடிக்குக் கிழக்கே ஒரு மைல் தள்ளி, வெள்ளைமனையில் மொத்தம் முப்பத்திரண்டு வீடு. எல்லாம் பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய காரை வீடு; தேக்குக் கதவு, மொட்டை மாடி. ஏழு வீட்டில் ரேடியோ பாடும். ஆனால் அந்த ஊருக்கு உண்மையான சொத்து குடிதண்ணீர் ஊருணிதான். பதினெட்டுக் கல்படி, சுற்றிலும் மதில், ஒரே ஒரு இரும்புக் கதவு. வெளியூர்க் குடம் உள்ளே போகக் கூடாது.

அந்தக் கதவுக்குக் காவல் முனியசாமி. பெரிய வீட்டில் மசாலா அரைத்துக் கொண்டிருந்த அவன் அக்கா சோலையம்மாள்தான், அந்த வீட்டு முதலாளி ராமசுப்பிரமணியனிடம் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். முனியசாமி விடியுமுன் தண்ணீரில் மிதக்கும் சருகு அரிப்பான். தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில் சுண்ணாம்பால் கோடு போடுவான். "எந்தம்பியக் குத்தம் சொல்ற ஆளு இந்த ஊர்ல இல்ல" என்று சோலையம்மாள் அம்மியை நிறுத்திச் சொல்லாத நாளில்லை.

அவன் குடிசை தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் இருந்தது. அதனால் அவனும் வெளியூர்தான். அவன் மனைவி செவ்வந்தி, தினமும் இரண்டு மைல் நடந்து வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பி வருவாள்.

"தண்ணிக்குக் காவக்காரன் பொண்டாட்டி தண்ணிக்கு ஆத்துக்குப் போறா. நல்ல பொழப்பு மதினி!" என்று சோலையம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மழை இல்லை. ஆற்றில் ஊற்று ஆளுயரத்துக்கு இறங்கிவிட்டது. செவ்வந்திக்கு ஏழு மாதம். ஒருநாள் முனியசாமி பெரிய வீட்டுக் கொல்லைப்புறம் வந்து அக்காவிடம் தயங்கினான்.

"அக்கா, முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கவா? ஒரு கொடம் போதும். அவளால குழிக்குள்ள எறங்கி ஏற முடியல."

சோலையம்மாளுக்குச் சுருக்கென்றது. "எதுக்குலே? காவக்காரனே கை நீட்டுனா, மத்தவன என்னன்னு தடுப்ப? நம்ம வீட்ல இதுவரைக்கும் யாரும் எதையும் சும்மா கேட்டதில்ல."

"சரிக்கா" என்று போய்விட்டான்.

பத்தாம் நாள் ஆற்றில் மணல் சரிந்தது. உள்ளே செவ்வந்தி இருந்தாள். புதுமடத்துக்குக் கருவாடு வாங்கப் போய்க்கொண்டிருந்த வண்டிக்காரர்கள் ஓடிவந்து தோண்டினார்கள். குடத்தைத்தான் முதலில் எடுத்தார்கள்.

செவ்வந்தியைப் புதைத்த மூன்றாம் நாள் ராமசுப்பிரமணியனே தண்டவாளம் தாண்டி வந்தார். குடிசைக்குள் வராமல் வெளியிலேயே குடையோடு நின்றார்.

"ஏம்ப்பா முனியசாமி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? ஒரு கொடம் தண்ணிக்கா இல்லன்னு சொல்லிருவேன்?"

வாசலில் உட்கார்ந்திருந்த சோலையம்மாள் தம்பி முகத்தைப் பார்த்தாள். தடுத்தது அக்காதான் என்று அவன் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் தலை நிமிரவில்லை.

"தோணாமப் போச்சுங்கய்யா" என்றான்.

அன்றிலிருந்து காவல்காரன் வீட்டுக்குத் தினம் ஒரு குடம் என்று ஊரில் முடிவாயிற்று. அந்தக் குடத்தைச் சோலையம்மாளே சுமந்து போனாள். முனியசாமி மறுநாளும் விடியுமுன் சருகு அரித்தான், கோடு போட்டான், வெளியூர்க் குடங்களைத் திருப்பி அனுப்பினான். சாயங்காலம் வேலை முடிந்ததும், குடமும் கொட்டாங்கச்சியுமாக, செவ்வந்தி போன வழியிலேயே ஆற்றுக்கு நடந்தான்.

"இதக் குடியேன்லே. ஒரு வாய்."

"அங்கன வச்சுட்டுப் போக்கா. தாகமில்ல."

மறுநாள் போய்ப் பார்ப்பாள். குடத்துத் தண்ணீர் வைத்த மட்டத்திலேயே இருக்கும். அதைச் செவ்வந்தி நட்ட முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு, மறுபடியும் பதினெட்டுப் படி இறங்குவாள். தம்பி போட்ட கோடு எந்தப் படியில் என்று அவள் பார்ப்பதேயில்லை.