பாண்டிக்கு எழுதிட்டாங்க

தொண்ணூற்று மூன்றில் நான் திண்டிவனம் கார் ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டத் தொடங்கியபோது எங்கள் பிழைப்பு ஒரே வாக்கியத்தில் நடந்தது: 'பாண்டிக்கு எழுதிட்டாங்க.' உள்ளூர் டாக்டர் தம்மால் ஆகாது என்று பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார் என்று அர்த்தம். செஞ்சிப் பக்கத்து ஆட்களானாலும் ஓமந்தூர் ஆட்களானாலும் சீட்டும் கையுமாக நேரே எங்களிடம்தான் வருவார்கள். அடுத்தவன் நோயில் பிழைக்கிறோமே என்று எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

பிறகு ஆஸ்பத்திரிகளுக்குள் போட்டி வந்தது. விழுப்புரத்தில் ஒருவர் ஸ்கேன் வாங்கினால் திண்டிவனத்தில் இன்னொருவர் அதைவிடப் பெரிய போர்டு வைத்தார். குப்பைமேடாகக் கிடந்த ஒரு தெருவில் மாடி ஆஸ்பத்திரி எழும்பியது. அங்கே இதயத்துக்கென்று தனி டாக்டர் வந்தார். கூடவே மருந்துக்கடை, இட்லிக்கடை, துணைக்கு வருகிறவர்கள் தங்க அறைகள். நர்ஸ் வேலைக்குப் பாண்டி பஸ் ஏறிய பெண்கள் இப்போது வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போனார்கள். ஊர் நிமிர்ந்தது. எங்கள் ஸ்டாண்டு மட்டும் ஈ ஓட்டியது.

அதனால் நாங்கள் ஒரு பேச்சைக் கட்டிவிட்டோம். உள்ளூரில் காட்டினாலும் கடைசியில் பாண்டிக்குத்தான் எழுதுவார்கள், நேரே போய்விடலாமே என்று வருகிறவர்களிடம் சொல்வோம். முதலில் சவாரிக்காகத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கிய என் அண்ணன் ஒருநாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரையும் அண்ணியையும் நான்தான் வண்டியில் ஏற்றினேன். மாடி ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது அண்ணி, "இங்கயே காட்டிடலாமா தம்பி?" என்று கேட்டார்.

"இவங்க பாண்டிக்குத்தான் எழுதுவாங்க அண்ணி" என்றேன். வேகத்தைக் குறைக்கவில்லை. கிளியனூர் தாண்டியதும் அண்ணனுக்குப் பேச்சு நின்றது.

பாண்டியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வெளியே வந்த டாக்டர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "நாங்க இப்ப போட்ட ஊசி உங்க ஊர்லயே இருக்கே. அங்க போட்டுட்டு வந்திருந்தா இதயம் இவ்ளோ கெட்டிருக்காது" என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணி பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அண்ணன் அப்புறம் மூட்டை தூக்கவே இல்லை. மண்டி வாசலில் உட்கார்ந்து சாக்கு தைக்கிறார். நெஞ்சுவலி என்று யார் ஏறினாலும் நான் இப்போது முதலில் அந்த மாடி ஆஸ்பத்திரியில்தான் நிறுத்துகிறேன். சவாரி போனால் போகட்டும், ஸ்டாண்டில் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும்.

டாக்டர் சொன்னதை அண்ணனிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. அண்ணியும் சொல்லவில்லை. யாராவது உடம்பைப் பற்றி விசாரித்தால் அண்ணன் கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காட்டுவார்.

"என் தம்பி இல்லன்னா அன்னிக்கே போயிருப்பேன். வழியில எங்கயும் நிறுத்தல, நேரா பாண்டிக்கே இட்டுக்கினு போயிட்டான்."