மரியதாஸ் சாருக்கு நாற்பத்தெட்டு

ஷெரின் போனில் அழுதாள். "மிஸ், டாடி நடக்க மாட்டேன்றாரு. வீல்சேர்லதான் வருவாராம். நீங்க அனுப்புன பாட்டப் போட்டு ஹால்ல நடந்து பாத்தாரு, விழப் பாத்தாரு மிஸ்."

கல்யாணத்துக்கு நான்கே நாள்.

மயிலாப்பூரில் எங்கள் சர்ச்சின், அதாவது பங்குக் கோயிலின், பாடகர் குழுவுக்கு இருபது வருடமாகப் பாட்டுகளின் ஸ்வரக் குறிப்பு, நோட்டேஷன், எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் ஸ்வரங்களை அடித்தால் சாஃப்ட்வேரே வாசிக்கும். அந்தப் பதிவோடுதான் குழு பாடும். ஷெரினின் அப்பா மரியதாஸ், ரிட்டயர்டான பி.டி. மாஸ்டர். போன வருடம் பக்கவாதம் வந்து இடது கால் இழுக்கிறது. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை மகளை நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர். அவருக்காகத்தான் மணப்பெண் உள்ளே வரும்போது பாடும் வருகைப் பாட்டுக்கு, குத்துமதிப்பாக, நிமிடத்துக்கு அறுபது தாளம் என்று மெதுவாகக் குறித்திருந்தேன்.

ஃபைலைத் திறந்து கேட்டேன். அடக் கடவுளே! பாட்டு தலைதெறிக்க ஓடியது.

முந்தின வாரம்தான் சாஃப்ட்வேரை அப்கிரேட் செய்திருந்தேன். பழையதில் தாளின் தலையில் 60 என்று டைப் செய்தாலே போதும், அந்த வேகத்தில் வாசிக்கும். புதியதில் டெம்போ மெனுவுக்குள் போய் வேகத்தை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு நூற்றிருபது. தாளில் 60 ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதை நம்பி, ஒரு தடவைகூடக் கேட்காமல் அனுப்பித் தொலைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடையாறில் அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

"தப்பு என்னுது சார். நூத்தியிருபதுல போயிடுச்சு."

"நூத்தியிருபதுன்னா மார்ச் பாஸ்ட் ஸ்பீடு மிஸ். அதுல எத்தினி புள்ளைங்கள நடக்க வெச்சிருப்பேன்! இப்போ ரெண்டடி வைக்க முடியல. அத்தினி பேர் முன்னால விழுந்து இவ கல்யாணத்தக் கெடுக்கணுமா?"

"பாட்டே வாணாம் சார். ஒரே தடவ சும்மா நடங்க, நான் எண்ணிக்கிறேன்."

ஷெரின் கை கொடுத்தாள். முனகிக்கொண்டே எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்து அடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது, நாற்பதானது. டெம்போ மெனுவில் பாட்டின் ஆரம்பத்தில் 48, முக்கால்வாசியில் 40 என்று வைத்து, இந்தத் தடவை கடைசிவரை கேட்டேன். அவரும் கேட்டார். "ம்… இது நம்ம ஸ்பீடு" என்று மறுபடி எழுந்து நின்றார்.

கல்யாணத்தன்று குழுவோடு பாடிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். இடது கால் இழுத்தது; அவர் விடவில்லை. பாட்டு நாற்பதுக்கு இறங்கியது. மனுஷன் இறங்கவில்லை! பாட்டு முடிவதற்குள் பீடத்தின் முன்னால் மகளோடு போய் நின்றுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, 'சீக்கிரம், சீக்கிரம்' என்று கையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்து கடைசி இரண்டு வரியைப் பாடவே இல்லை.

நோட்டேஷன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அப்கிரேட் செய்தால் ஒவ்வொரு ஃபைலையும் போட்டுக் கேளுங்கள், கண்ணை நம்பாதீர்கள். யாருக்காக எழுதுகிறோமோ அவரை ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பாருங்கள். குத்துமதிப்பு வேண்டாம்.

விருந்தில் மரியதாஸ் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா மிஸ், நான் போய் நின்னுட்டேன், உங்க பாட்டு இன்னும் வந்துகினே கீது! சின்னவ கல்யாணத்துக்கு அறுபது போடுங்க."

போட்டு வைத்திருக்கிறேன், டெம்போ மெனுவில்.