ஆயாம்மாவின் ஆஸ்பத்திரி

வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது, அங்கே பிரசவங்கள் நின்றுபோயிருந்தன. ஊர்க்காரர்கள் சேர்ந்து இடம் கொடுத்துக் கட்டியது. சுற்றுக் கிராமங்களில் பாதிப் பேர் அங்கேதான் பிறந்தார்கள் என்பார் ஆயாம்மா. திறந்த நாள் முதல் வார்டைத் துடைத்து, பிறந்த குழந்தைகளைக் குளிப்பாட்டியவர் அவர். கம்பெனிகள் வந்தபின் ஊர்ப் பெண்கள் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். காலியான கட்டில்களில், கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த ஹாஸ்டல் பெண்கள் காய்ச்சலோடு படுத்தார்கள். அவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. எனக்கும் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். என்னைத் தேடியும் யாரும் வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் தென்காசிப் பெண் ஒருத்தி டெங்குவோடு வந்தாள். கூட வந்த தோழிகள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்கள்.

"இன்னா கண்ணு, வூட்டுக்குச் சொன்னியா?" என்று கேட்டார் ஆயாம்மா.

"இல்ல ஆயாம்மா. சொன்னா வேலைய விட்டுட்டு வான்னுருவாவ."

ஐந்து நாள் ஆயாம்மா வீட்டுக்குப் போகவில்லை. கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார், அவள் காய்ச்சலில் பிதற்றியபோது கையைப் பிடித்தபடி இருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பெண் தேறினாள். ஆயாம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அடிக்கடி வருவதாகச் சொல்லிப் போனாள். ஒரு மாதமாகியும் வரவில்லை.

"சிஸ்டரு, சுங்குவார்சத்திரம் பக்கம்தான அது ஹாஸ்டலு? ஒரு தபா பாத்துனு வாம்மா. ஒழுங்கா சாப்புடுதா இன்னான்னு" என்றார்.

போனேன். மாடிப்படியில் இறங்கி வந்தவளுக்கு, யூனிஃபார்ம் இல்லாத என்னை அடையாளம் தெரியவில்லை. "யாருக்கா?" என்றாள். சொன்னதும் சிரித்தாள். அறையில் மற்றவர்கள் தூங்கியதால் படியிலேயே நின்று பேசினோம். ஆயாம்மாவைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை. நான் சொன்னபோது, "ஆமாக்கா, நல்லவுக" என்றாள். போன் அடித்தது. மேலே போய்விட்டாள்.

திரும்பி வந்து ஆயாம்மாவிடம் பொய் சொன்னேன். "உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. ஞாயித்துக்கெழம வாராளாம்."

ஞாயிறு என்று என் வாயில் ஏன் வந்ததோ, இன்றும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு அவருக்கு லீவு. காலையிலேயே நல்ல புடவை கட்டி, தூக்குச்சட்டியோடு வந்து வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். ஷேர் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் எழுந்து பார்த்தார். எனக்கு டியூட்டி. வார்டுக்குப் போகும்போதும் வரும்போதும் அவரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு முறையும் வார்டுக்கே திரும்பிப் போனேன்.

மூன்று மணிக்கு அவரே சொன்னார், "கம்பெனில ஓவர்டைம் போட்ருப்பானுங்கோ, பாவம். நீ துன்னும்மா."

தூக்கைத் திறந்து எனக்குச் சோறும் மீன்குழம்பும் போட்டார். இருவரும் சாப்பிட்டோம். மீனில் முள்ளெடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.