ஒன்பதின் தலைமேல் இருக்கும் அடைப்புக்குறி

என் தங்கை புருஷன் வலது கையைப் பேன்ட் பையிலிருந்து வெளியே எடுத்து வெளியாள் யாரும் பார்த்ததில்லை. வீட்டு ஆட்கள் முன்னால் எடுப்பார், அதுவும் துண்டால் மூடிக்கொண்டு.

அவர் எங்களுக்குப் புதுசு இல்லை. என் அம்மாவுக்குச் சித்தப்பா மகன் ஒருவர் இருந்தார், நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். அவருடைய மூத்த மகன்தான் இவர். அந்த வகையில் கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்கு மாப்பிள்ளை முறை. தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மூடியோடு சேர்ந்து நாலு விரலும் போயிற்று. மிஞ்சியது கட்டைவிரல், அதுவும் மடங்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய முதலாளி என் தங்கையிடம் சொன்னார்: "ஸ்டோர் நாற்காலி இனிமே இவருக்குத்தாம்மா. யாரும் எழுப்ப மாட்டாங்க."

வாய்ச்சொல்தான். ஆனாலும் அந்த மனிதர் உயிரோடு இருந்தவரை யாரும் எழுப்பவில்லை.

அவர் கண்ணை மூடியதும் மகன் வந்தார். விபத்து நடந்தபோது அவர் எங்கோ வெளியே படித்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் தெரியாது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுபோயிருந்தார்கள். புதிதாக வந்த பையன்கள், மாப்பிள்ளை பந்தாவுக்காகத்தான் பையில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்து "பாக்கெட்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. நிஜத்தைவிட அது தேவலை என்று விட்டுவிட்டார்.

சின்ன முதலாளி ஸ்டோரில் கம்ப்யூட்டரை வைத்தார். "மாசக் கடைசியில சரக்கு மொத்தத்தையும் என் கண்ணு முன்னால இதுல கூட்டிக் காட்டணும். முடியாதவங்க சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? நான் சொன்னேன், "மாப்பிள்ளை, அந்தத் தம்பிகிட்ட நடந்தத ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்கப்பா குடுத்த வாக்குதானே."

"கையக் காட்டி வாங்கின நாற்காலி மச்சான். அதக் காப்பாத்தவும் கையத்தான் காட்டணுமா?"



என் மச்சினியின் சம்பந்தி வீட்டுப் பரணில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி குடித்துக் கிடந்தது. கெஞ்சிக் கூத்தாடித் தூக்கி வந்தோம். கற்றுக்கொடுக்க ஆள் வைக்கலாம் என்றால் ஆள் முன்னால் கையை எடுக்க வேண்டும். ஆகவே கைடுதான் வழி. புத்தகக் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடியான ஒன்றை வாங்கி வந்தார். தலையணைக்கு ஆகும். அட்டையில் ஒருவன் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே பல்லைக் காட்டிச் சிரிக்கிறான்.

எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்துக் கட்டம் போடக் கற்றுக்கொண்டார். சரக்கின் பெயரையும் எண்ணிக்கையையும் கட்டத்துக்குள் உட்கார வைத்தார். கூட்டல் என்று வந்ததும் வண்டி நின்றுவிட்டது. கூட்டச் சொல்லி எழுதுகிற வரிக்கு அடைப்புக்குறி வேண்டும். அது ஒன்பதின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒன்பதையும் அழுத்தினால்தான் இறங்கி வரும். ஒன்பதுக்குப் பக்கத்து ஷிஃப்ட் அந்தப் பழைய பெட்டியில் உதிர்ந்துபோயிருந்தது. மற்றது இடது கோடியில். ஒரு கை எட்டவில்லை. மடங்காத கட்டைவிரலை வைத்தால் பக்கத்துப் பட்டன்களும் சேர்ந்து அமுங்கின.

ஷிஃப்ட்டைத் தட்டிவிட்டு ஒன்பதுக்கு ஓடுவார். ஒன்பதுதான் வரும். மறுபடி ஷிஃப்ட். ஆத்திரத்தில் ஷிஃப்ட்டையே படபடவென்று குத்துவார். உடனே பெட்டி கூவும். திரையின் நடுவில் ஒரு கட்டம் எழும்பும், உள்ளே இங்கிலீஷில் நாலு வரி.

"கெட்டுப்போச்சு. சம்பந்தி வீட்டுல என்ன பதில் சொல்றது?" என்று பிளக்கைப் பிடுங்கப் போவார்.

"பிடுங்காதீங்க. அது ஏதோ கேக்குதுங்க. கீழ யெஸ், நோன்னு இருக்கு பாருங்க" என்பாள் தங்கை.

"கேட்டா எனக்குப் பதில் தெரியுமா? நோ சொல்லிட்டா வம்பில்ல." நோவை அழுத்துவார். கட்டம் போய்விடும். அவர் முகம் வியர்த்திருக்கும்.

இரண்டாவதாக ஒரு கைடு வாங்கினார், வழவழப்பான தாள், கலர் படம். அதிலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்து, மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்து என்றே பக்கத்துக்குப் பக்கம். எழுதினவனுக்குப் பத்து விரல். வாங்குகிறவனுக்கும் பத்து இருக்கும் என்று எழுதிவிட்டான்.

மாசக் கடைசி நெருங்க நெருங்க அவர் சோறு இறங்காமல் மெலிந்துபோனார். "நீங்க இருக்கிற தெருவுல வாட்ச்மேன் வேல ஏதாவது கேட்டுப் பாருங்க மச்சான்" என்றார். கொஞ்சம் பொறுத்து அவரே, "சல்யூட் அடிக்கவும் வலது கைதான் வேணும், இல்ல?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன்.

தங்கைதான் பிடிவாதமாக இன்னொரு தடவை கடைக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "வாங்க. முன்ன வாங்கினது ரெண்டும் என்னாச்சு? படிக்கிறீங்களா, கரையானுக்குப் போடுறீங்களா?"

"வேற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார் மாப்பிள்ளை.

"வேற மாதிரின்னா?"

"கொஞ்சம்... எளிசா."

"எளிசுன்னா எல்லாமே எளிசுதான். நல்லா விக்கிறது இதான், பாருங்க. மௌஸையே தொட வேணாம், எல்லாமே ஷார்ட்கட்." மேலே மேலே அடுக்கினாள். மாப்பிள்ளை இடது கையால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். சொல்ல வேண்டிய ஒரே விஷயம் மட்டும் வாயில் வரவில்லை. அந்த ஷார்ட்கட் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு பர்ஸைத் தேடினார்.

தங்கை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். சட்டென்று அவர் வலது கையைப் பையிலிருந்து இழுத்து அந்தப் புத்தகத்தின்மேல் வைத்தாள். "இதுக்குத் தகுந்த மாதிரி வேணும்மா."

மாப்பிள்ளை கையை இழுத்தார். அவள் விடவில்லை. தெருவில் போகிறவர்கள்கூடப் பார்த்திருக்கலாம். அவர் தலை குனிந்து நின்றார்.

கடைக்காரம்மா ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அடுக்கின புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டாள். "இது வேணாம். இது சுத்தமா வேணாம். சரி, அந்த மெஷின்ல எந்த இடத்துல மாட்டிக்கிறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல."

அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்து அந்தக் கூவலையும் கட்டத்தையும் சொன்னார். அவளுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. "அந்தக் கட்டம் எதுல இருக்கோ, அதுதான் உங்க புத்தகம். வாங்க, தேடலாம்" என்றாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். படம் பார்ப்பதற்கு என் படிப்பு போதும். தடித்தடியாக எத்தனையோ பார்த்தோம், ஒன்றிலும் இல்லை. கீழ்த்தட்டில் அட்டை வெளுத்து ஒல்லியாக ஒன்று கிடந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் தங்கை விரலை வைத்தாள். "இதாங்க. இதே கட்டம்."

கடைக்காரம்மா வாசித்தாள்: "இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த இயலாதவர்கள், ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் இந்தக் கேள்வி வரும். யெஸ் என்றால், ஒன்றை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு மற்றதை அழுத்தினால் போதும்."

மாப்பிள்ளை அந்தப் படத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப இத்தன நாளா அது உதவட்டுமான்னு கேட்டிருக்கு. நான் வேணாம் வேணாம்னே சொல்லிட்டிருந்திருக்கேன்" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு கையாலும்.

மாசக் கடைசியில் நடந்ததை அவர் சொல்லித்தான் நான் அறிவேன். ஸ்டோரில் சின்ன முதலாளி பக்கத்திலேயே நின்றார். மாப்பிள்ளை இடது கையால் கட்டங்களை நிரப்பினார். கூட்டல் வந்தது. வீட்டில் பழகின வழியிலேயே ஷிஃப்ட்டை ஐந்து தட்டு தட்டினார். பெட்டி கூவியது. கட்டம் எழும்பியது.

"என்னத்தையோ அமுக்கிட்டீங்க. நகருங்க" என்று சின்ன முதலாளி குனிந்து, நோவை அழுத்தக் கையை நீட்டினார்.

மாப்பிள்ளையின் இடது கை பட்டன்மேல் இருந்தது. வலது கை தானாகவே பையிலிருந்து வந்து முதலாளியின் மணிக்கட்டைத் தடுத்தது. "இருங்க சார். அது என்கிட்டதான் கேக்குது."

சின்ன முதலாளி தன் மணிக்கட்டின்மேல் இருந்ததைப் பார்த்தார். "இது... எங்க?"

"இங்கதான் சார். மூணாவது பிரஸ்ல."

"எனக்கு யாருமே சொல்லலையே. பரவால்ல, நீங்க எந்திரிங்க. நாற்காலி உங்களுக்குத்தான். இதெல்லாம் வேற யாராவது பண்ணட்டும்."

"கூட்டல முடிச்சிட்டு எந்திரிக்கிறேன் சார். நீங்க கொஞ்சம் நின்னு பாருங்க."

யெஸ்ஸை அழுத்தினார். பிறகு ஷிஃப்ட்டை ஒரு தட்டு தட்டிக் கையை எடுத்தார். நிதானமாக நகர்ந்து ஒன்பதைத் தொட்டார். அடைப்புக்குறி இறங்கி வந்தது. சின்ன முதலாளி கடைசி வரை நின்று, திரையில் வந்த கூட்டுத்தொகையை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் மாடிக்குப் போனாராம்.

நாற்காலி நிலைத்தது. ஆனால் மாப்பிள்ளை இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஒன்று கேட்பார்: "அவர் 'நாற்காலி உங்களுக்குத்தான்'னு சொன்னது கையப் பாத்துதான், இல்ல மச்சான்? கூட்டல் அப்ப இன்னும் வரல."

"கூட்டல் வந்தப்புறமும் அவர் அத மாத்திச் சொல்லலையே மாப்பிள்ளை" என்பேன். அவர் அதை நம்புகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.