புளியமரம் சாய்வதற்குள்

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலை பிரிகிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மாயவனின் ஷெட் இருந்தது. நான்கு பனங்கால், மேலே தகரம். பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் சின்னசேலம், நைனார்பாளையம் பக்கத்திலிருந்தெல்லாம் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் அவனைத் தேடித்தான் வருவார்கள்.

அவன் எலவனாசூர்கோட்டைக் காலனியில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கரும்பு வெட்டியவர்கள். கரும்புச் சோகையின் ஓரம் கிழித்து அப்பாவுக்கு ஒரு கண் போன வருஷம், மாயவன் உளுந்தூர்பேட்டை லாரிப் பட்டறைக்குப் போய் மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சின் கழுவ ஆரம்பித்தான். பதினேழு வருஷம் அங்கேயே கிடந்து தொழில் கற்றான். பிறகு சின்னக்கண்ணுவைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தான். மாயவன் கை வைத்தால் வண்டி அதே பழுதுக்குத் திரும்ப வராது என்று ஊரில் பேர். அந்தப் பேரைக் காப்பாற்றுவதே அவனுக்குப் பெரும் பாடாக இருந்தது. ஒரு தப்பு நேர்ந்துவிட்டால் ஒப்புக்கொள்ள வாய் வராது.

எண்பத்தேழாம் வருஷம் ஆடியில் அப்படி ஒரு தப்பு நேர்ந்தது. டாக்சி ஓட்டும் தனசேகரனின் அறுபத்திநாலாம் மாடல் அம்பாசடருக்கு வால்வு வேலை. அதற்காக எஞ்சினின் ஹெட்டைக் கழற்றினால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உட்காரும் கேஸ்கட்டைப் புதிதாகப் போட வேண்டும். கள்ளக்குறிச்சியில் அன்று கேஸ்கட் இல்லை. தனசேகரனோ மறுநாள் கோயில் திருவிழா வாடகை என்று தலைமேல் நின்றார். மாயவன் பழைய கேஸ்கட்டையே துடைத்து, இரண்டு பக்கமும் சில்வர் பெயிண்ட் அடித்துப் போட்டு மூடிவிட்டான். சேலத்திலிருந்து புதுசு வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். புதுசு வந்தது. வந்து ஷெட்டின் ஆணியில் தொங்கியது. வண்டியோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 'பழசைத்தான் போட்டேன்' என்று தனசேகரனிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடாது என்று அறிவித்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. சாலையோரத்து மரங்கள் ஊருக்கு ஊர் வெட்டிச் சாய்க்கப்பட்டன. போலீஸ் வந்தது, அங்கங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகச் செய்தி பரவியது. மறியல்காரர்களின் கோபம் தங்கள் பக்கம் திரும்புமோ என்று காலனிக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வர யோசித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை தனசேகரன் ஷெட்டுக்கு நடந்து வந்தார். கூடவே வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண். கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் நர்சு தைலம்மாள்.

"மலையில ஒரு ஊர்ல வாந்திபேதிங்க. பதினாலு பேரு படுத்துகினு இருக்காங்க. சலைன் வாங்க எறங்கி வந்தேன், அதோட ரோட்ட அடைச்சிட்டாங்க. ஆஸ்பத்திரி ஜீப்பு உளுந்தூர்பேட்டைல மாட்டிக்கிச்சி," என்றாள் அவள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"வாய்க்கால் மேட்டு வழியா போயிடலாம், மரம் கிரம் இருக்காது," என்றார் தனசேகரன். "நீயும் வா மாயவா. பழைய வண்டி. வழியில நின்னுட்டா நான் இன்னா பண்றது?"

சின்னக்கண்ணு ஷெட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து வந்துவிட்டாள். "இந்த நேரத்துல அந்தப் பக்கம் போவணுமா? நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மாயவன் எண்ணிப் பார்த்தான். மலை ஏற்றம், இரண்டு மாதப் பழைய ரகசியம், பதினான்கு பேர். ஸ்பேனர் பையை எடுத்தான். தனசேகரன் திரும்பிய நேரம் பார்த்து ஆணியிலிருந்த புதுக் கேஸ்கட்டை எடுத்து, சாக்கில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

தனசேகரன் வீட்டில் நின்ற வண்டியில் கிளம்பினார்கள். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வாய்க்கால் மேட்டில் வண்டி ஊர்ந்து போனது. பின் சீட் முழுக்க சலைன் பாட்டில் பெட்டிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடி குலுங்கியது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் கரை தெரிய ஆரம்பித்த இடத்தில் சாலை மெல்ல மேடேறியது. அங்கேதான் எஞ்சின் திக்க ஆரம்பித்தது. மாயவன் கண்ணாடியில் பார்த்தான். பின்னால் வெள்ளைப் புகை.

"நிறுத்துங்கண்ணே! ஆஃப் பண்ணுங்க!"

பானெட்டைத் திறந்தால் ஆவி சீறியது. தனசேகரன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். மாயவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பச்சத் தண்ணி ஊத்தினா ஹெட்டு வெடிச்சிடும். ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கா மணியாவது ஆவும்."

அந்த முக்கால் மணி நேரத்தில் தைலம்மாள் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே இருந்தாள். ஆளரவம் இல்லை. மாயவன் ரேடியேட்டர் மூடியைச் சாக்கு வைத்துத் திறந்தபோது தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. கேனில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினான். ஒரு முறை கை கனத்தது. அடுத்த முறை வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி கனத்தது, மறுபடி வழுக்கியது. நான்கு சிலிண்டரில் இரண்டுக்கு அழுத்தம் இல்லை.

"நர்சம்மா, ரேடியேட்டருக்குள்ள பாருங்க. இன்னா தெரியுது?"

"கொப்புளம் கொப்புளமா வருதுங்க."

ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயில் கறுப்பாகவே இருந்தது, தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். நடு சிலிண்டர் இரண்டுக்கும் இடையே கேஸ்கட் வெந்துவிட்டது. காற்று தண்ணீருக்குள் போகிறது. பார்க்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கேஸ்கட்டு போச்சிண்ணே. ஹெட்ட எறக்கணும்."

"நடு ரோட்லயா? கேஸ்கட்டுக்கு எங்கடா போவ?"

மாயவன் பையைத் திறந்து சாக்கைப் பிரித்தான். கேஸ்கட்டின் புதுச் செம்பு வெயிலில் மின்னியது. தனசேகரன் அதையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எப்பிடி உங்கிட்ட?"

தற்செயலாக எடுத்து வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தைலம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடில பழசத்தான் போட்டேன். புதுசு கெடைக்கல. அப்பறம் வந்திச்சி. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி. இன்னைக்கி நிக்குமோன்னு பயந்துதான் எடுத்தாந்தேன்."

தனசேகரன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "தெரிஞ்சே மலைக்கு வண்டிய ஏத்த வுட்டியா? ஷெட்லயே சொல்லியிருந்தா அங்கியே மாத்திட்டு வந்திருப்போமேடா! நிழல்ல வேல முடிஞ்சிருக்கும்!"

மாயவன் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

"சண்டைய அப்பறம் வெச்சிக்குங்க," என்றாள் தைலம்மாள். குரல் உயரவில்லை. "மேல சின்னப் புள்ளைங்க இருக்கு. எனக்கு இன்னா வேல சொல்றீங்க?"

அவள் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்துச் சாலையோரம் விரித்தாள். மாயவன் கார்புரேட்டரை, சைலன்சர் கிளையை, மேல் மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றினான். வால்வுகளைத் தள்ளும் எட்டு புஷ் ராடுகளை உருவி வரிசை மாறாமல் அவளிடம் கொடுத்தான். அவள் அவற்றைப் பிரசவத்துக்குக் கருவி அடுக்குகிற மாதிரி துணியில் அடுக்கினாள். ஹெட்டைத் தூக்க ஓர் ஆள் போதாது. தனசேகரன் வந்து மறுமுனையைப் பிடித்தார்.

பழைய கேஸ்கட்டில் நடு சிலிண்டர் இரண்டுக்கும் மத்தியில் விரல் நீளத்துக்குக் கருகிப் போயிருந்தது. மாயவன் அதை யாருக்கும் மறைக்காமல் வரப்பில் போட்டான்.

அப்போதுதான் அணைப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். தோளில் கோடாலி, கையில் தாம்புக் கயிறு. முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயது. அவரை மற்றவர்கள் ஆதிமூலம் அண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

"வண்டி ஓடக் கூடாதுன்னு தெரியாதா?"

"மருந்து வண்டிங்க," என்று தைலம்மாள் முன்னால் போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினாள். மலை ஊர் விவரத்தைச் சொன்னாள்.

ஆதிமூலம் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தனசேகரனை அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு பார்வை மாயவனிடம் வந்து நின்றது.

"நீ எந்த ஊரு?"

"எலவனாசூர்கோட்டைங்க."

"கோட்டைல எங்க?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கிரீஸ் கையோடு மாயவன் நிமிர்ந்தான்.

"காலனிங்க."

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். ஒருவன் கோடாலியைத் தோளிலிருந்து இறக்கினான். தனசேகரன், சற்று முன் சட்டையைப் பிடித்த அதே மனிதர், நகர்ந்து வந்து மாயவனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"நான் கூட்டியாந்த ஆளு. எதுனா கேக்கறதுனா என்னைக் கேளு," என்றார்.

ஆதிமூலம் பாட்டிலைப் பெட்டியில் திரும்ப வைத்தார். பிறகு நூறு அடி தள்ளி, மேட்டில் நின்ற பெரிய புளியமரத்தைக் காட்டினார். "அத வெட்டத்தான் வந்தோம். மலைப் பாதைய அடைக்கணும்னு முடிவு. எங்க உரிமைக்கு நிக்கறோம், அத நான் நிறுத்த முடியாது. மருந்தையும் நான் தடுக்கல. மரம் சாயறதுக்குள்ள வண்டி அத தாண்டிடணும். அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரங்க ஆவும்?" என்று கேட்டான் மாயவன்.

"ஒன்ற மணி, ரெண்டு மணி. கோடாலி சொல்றதுதான்."

முதல் வெட்டு விழுந்த சத்தம் மாயவனின் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

தைலம்மாள் கொடுத்த பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து பிளாக்கின் முகத்தைத் துடைத்தான். ஒட்டியிருந்த கரியை பிளேடால் சுரண்டினான். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணை ஒட்டிப் பார்த்தான். ஹெட் வளையவில்லை. புதுக் கேஸ்கட் உட்கார்ந்தது. ஹெட் அதன்மேல் இறங்கியது. ராடுகளை ஒவ்வொன்றாகத் தைலம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

இனி நட்டுகள். நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக, ஓரத்துக்குப் போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, மூன்று சுற்று. கோடாலிகள் மாற்றி மாற்றி விழுந்தன. கை அந்த வேகத்துக்கே ஓடப் பார்த்தது. மாயவன் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஒவ்வொரு நட்டுக்கும் ஓர் எண், அது முடிந்தால்தான் அடுத்தது.

"சீக்கிரம்டா!" என்று தனசேகரன் கத்தினார். அவர் வாய்க்காலிலிருந்து மூன்றாவது முறையாகத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்.

"ஆடில சீக்கிரம் பண்ணதுதாண்ணே இது," என்றான் மாயவன், நிமிராமல்.

வால்வு இடைவெளியை அளவுத் தகட்டை வைத்துச் சரி பார்த்தான். மேல் மூடி, கார்புரேட்டர், பிளக் ஒயர்கள். மேட்டில் மரத்திலிருந்து ஒரு முறுக்கல் சத்தம் வந்தது. ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவது தெரிந்தது.

ஹேண்டிலைச் சுற்றினான். நான்கு முறையும் கை கனத்தது. ஐந்தாவது சுற்றில் எஞ்சின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. தனசேகரன் ஸ்டியரிங்கைப் பிடித்தார், தைலம்மாள் பக்கத்தில் ஏறிவிட்டாள். மாயவன் கதவைப் பிடித்துத் தொங்கினான். மரத்தடியில் ஆதிமூலம் இரண்டு கையையும் விரித்து ஆட்களைத் தடுத்தபடி நின்றிருந்தார். "போ, போ, போ!" என்றார். சிராய்கள் சக்கரத்தில் நொறுங்கின. வண்டி தாண்டி முதல் வளைவு திரும்பவும், பின்னால் பூமி ஒரு முறை குலுங்கியது. புளி இலைகள் பின் கண்ணாடியில் வந்து ஒட்டின.

இரண்டு பர்லாங் போனதும் மாயவன், "நிறுத்துங்கண்ணே," என்றான்.

"இப்ப இன்னா?"

"சூட்டுல ஒரு தபா இறுக்கணும். வுட்டா ஏத்தத்துல மறுபடி புட்டுக்கும்."

தனசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். மாயவன் மறுபடி மேல் மூடியைக் கழற்றி, ஒன்றிலிருந்து கடைசி வரை எண்ணி எண்ணி இறுக்கினான். சுட்டு இரண்டு விரல் கொப்பளித்தது. மலைமேல் உள்ள வெள்ளிமலை வரைக்கும் சூட்டு முள் நடுவிலேயே நின்றது.

அங்கிருந்து நோய் கண்ட ஊருக்குப் பாட்டில் பெட்டிகளை ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். ஒரு பெரியவரும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டிருந்தார்கள். காப்பாற்ற முடிந்தது மீதிப் பன்னிரண்டு பேரைத்தான். அந்த ஊரில் பாட்டில் தொங்கவிட எதுவும் இல்லை என்று தைலம்மாள் சொன்னபோது, மாயவன் வண்டியிலிருந்த கம்பியை வளைத்துக் கூரை வாரைகளில் கொக்கி மாட்டினான். சாலை திறக்கும் வரை நான்கு நாள் அங்கேயே இருந்து, அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சினான். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வான். அது அவனால் இல்லை, முந்தின நாளே நடந்தது என்று தைலம்மாள் சொல்லியும் அவன் மனம் ஆறவில்லை.

இறங்கி வந்தபின் தனசேகரன் அவனோடு பேசவில்லை. கோடாலிக்காரர்கள் முன்னால் பக்கத்தில் வந்து நின்றவர், ஊருக்குள் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனார். நடந்ததை நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். மாயவன் மறுக்கவில்லை. ஆமாம், பழசைத்தான் போட்டேன் என்றான். சில பேர் வருவது நின்றது. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு எதைப் போட்டாலும், வண்டிக்காரரை நிற்க வைத்துக் காட்டிவிட்டுத்தான் மூடினான்.

தை பிறந்து ஒரு நாள் அந்த அம்பாசடர் ஷெட்டு முன்னால் வந்து நின்றது. தனசேகரன் இறங்கி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு பீடி பற்ற வைத்தார்.

"இன்னாமோ சத்தம் வருது. பாரு."

மாயவன் ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் வைத்து, கைப்பிடியில் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"வாட்டர் பம்புண்ணே. இது நான் பண்ணது இல்ல."

"தெரியும்டா," என்றார் தனசேகரன். "கழட்டு."