நிற்காமல் போகிற மோதினார்

எங்கள் கரைத்தீவுப் பள்ளிவாசல் மோதினாரைப் போல ஆட்களை விசாரிக்கிற மனிதரை நான் கண்டதில்லை. நெடிய உடம்பு, மருதாணித் தாடி. பாங்கு சொல்லப் போகும்போது மூன்று வீட்டுக்கு ஒரு வாசலில் நிற்பார். என் கடை வாசலிலும் நிற்பார். "என்ன தம்பி, உம்மாக்குக் காய்ச்சல் விட்டிச்சா?" என்று கேட்டு, நான் சொல்லி முடியும்வரை போகமாட்டார்.

ஒருநாள் இருக்கக் கதிரை கேட்டார். கால் பெருவிரல் கறுத்திருந்தது. காலுக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துவிட்டதாம். திறக்காவிட்டால் காலையே எடுக்க வேண்டுமாம்.

"வெட்டுறதா, வயர் விடுறதா எண்டு கொழும்பு டொக்டர்ட்ட கேட்டன். ரெண்டும் ஒரே மேசையிலதானாம். தொடையடியில வெட்டிக் குழாயத் துப்புரவாக்கி, அதே வழியால வயர விட்டுக் கீழ பலூன் ஊதுறதாம்."

"ஏன் மோதினார் நானா, ரெண்டும்?"

"மேல ஒரு அடைப்பு, கீழ ஒரு அடைப்பாம். எனக்கும் சரியா வெளங்கல்ல. பெருநாள் பலூன் மாதிரி ஊதி வெடிக்க வைக்காட்டிச் சரி" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கால் மூணு வீடு தாண்ட உடுதில்ல தம்பி. நிண்டாத்தான் வலி கொறையும். சும்மா நிண்டா ஆக்கள் பாப்பாங்களே. அதுதான் எதையாவது கேக்கிறது."

அல்ஹம்துலில்லாஹ், கால் தப்பிவிட்டது. இப்போது பள்ளிவாசல்வரை ஒரே நடையாகப் போகிறார். அதற்காக நானும் எத்தனை துஆ கேட்டேன்! நேற்று, மகள் பரீட்சை பாஸான செய்தியோடு வாசலில் காத்து நின்றேன். அவர் ஸலாம் சொல்லி, கையை உயர்த்திக்கொண்டே போய்விட்டார். அவ்வளவு காலமும் என்னை விசாரித்தது அவரா, அவருடைய காலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.