ஏரிக்குப் போகாத பஞ்சா

மொகரத்தை எங்கள் பக்கம் அல்லாசாமி பண்டிகை என்போம். மலைக்கு அந்தப்புறம் தெலுங்கு பேசுகிறவர்கள் பீர்ல பண்டுக என்பார்கள். பேர் எதுவானாலும் எங்கள் ஊரில் தூக்குகிற பஞ்சா ஒன்றுதான். வெள்ளித் தகட்டில் செய்த ஒரு கை. ஐந்து விரலும் விரிந்தபடி, உயரமான மூங்கிலின் நுனியில், பச்சைத் துணி சுற்றி நிற்கும். கர்பலாவில் தாகத்தோடு உயிர் விட்டவர்களுக்காக அனுசரிக்கிற துக்கம் அது. பத்தாம் நாள் சாயங்காலம் பஞ்சாவை ஏரிக்குக் கொண்டுபோய்க் கழுவி, துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால் பண்டிகை முடிந்தது.

பேரணாம்பட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது எங்கள் ஊர். ஏரி அதற்கும் அப்பால். அந்த ஏரி யாருடையது என்று அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. மொழிவாரியாக மாகாணத்தைப் பிரித்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள். சர்வே ஆட்கள் வந்து கரையில் கல் நட்டுவிட்டுப் போனார்கள். மறுவாரமே யாரோ அந்தக் கல்லைப் பிடுங்கி ஏரிக்குள் போட்டார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்தைச் சொன்னார்கள், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைச் சொன்னது. தண்ணீருக்குள் கிடந்த கல் மட்டும் கரையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது.

நான் அப்போது தோல் பதனிடுகிற டேனரியின் கேட்டுக்கு எதிரில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கூடவே ஒரு மைக் செட். அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டி நானாகவே கற்றுக்கொண்டது. கல்யாணமோ கருமாதியோ, என் ஸ்பீக்கர் குழாய் இல்லாமல் ஊரில் நடக்காது. ஊர்ப் பேச்செல்லாம் என் கடையில்தான் வந்து விழும்.

அந்த வருஷம் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் சோடா கடைக்காரர் என் கடைக்கு வந்தார். ஊரில் கட்சிக் கொடி கட்டுகிறவர் அவர். கோலி சோடாவை உடைக்கிற மாதிரியே பட்டென்று பேசுவார்.

"பத்தாம் நாளு மைக் செட்டு நமக்கு. ஏரிக்கரைல கட்டிடு. மெட்ராஸ்லருந்து தலைவர் வர்றாரு."

"அன்னிக்கா? அன்னிக்குத் துக்கமாச்சே. வேற நாள் கெடைக்கலியா?"

"வேற நாள் வெச்சா எவன் வருவான்? பஞ்சா பின்னாடி ஊரே வரும்ல. தலைவர் கரைல நின்னு பஞ்சாக்குத் தண்ணி ஊத்துவாரு. பேப்பர்ல படம் வந்துச்சின்னா ஏரி நம்புளுதுன்னு தீந்துபோச்சி."

பஞ்சாவை வைத்துக் காக்கிற பாய் அப்போது என் கடையில்தான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். தோல் மண்டியில் தோல் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. எப்போதும் ஒரு சிரிப்பு முகத்திலேயே இருக்கும். அன்றைக்கு அது இல்லை. பம்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கேட்டுக்கோ தோஸ்த். பஞ்சாக்கு முன்னாடி எவனும் நடக்கக் கூடாது. உங்க தலைவரா இருந்தாலும் பின்னாடிதான்."

"முன்னாடி நடக்க மாட்டாரு பாய். கரைல நிப்பாரு, அவ்ளோதான்."

"நிக்கட்டும். பஞ்சா எங்க போவும்னு நான் சொல்ல முடியாது. நீயும் சொல்ல முடியாது. தூக்குறவன் கால்தான் சொல்லும்."

பாய் சொன்னது எங்கள் ஊர் வழக்கம். பஞ்சா தூக்குகிறவன் அன்றைக்கு விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டான், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவும் மாட்டான். பஞ்சா கையில் வந்துவிட்டால் அவன் எந்த வழியில் போனாலும் ஊர் ஒன்றும் கேட்காமல் பின்னால் போகவேண்டும். கழுவி முடித்த பிறகு அவன்தான் முதலில் பேசுவான். "எறங்கிடுச்சி" என்பான். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

தூக்குகிறவன் என் சிநேகிதன். டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. கை இரண்டும் முழங்கை வரைக்கும் வெளுத்து வெடித்திருக்கும். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், பாயோடு உருது. "எந்த பாஷைல திட்டுனா ஜாஸ்தி வலிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். "மேஸ்திரி எதுல திட்றானோ அதுல" என்றான். குழந்தை பிழைத்தால் பஞ்சா தூக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டு, அது பிழைத்த வருஷத்திலிருந்து தூக்கினான். இந்துவாயிற்றே என்று பாயும் கேட்கவில்லை, தெலுங்குக்காரனாயிற்றே என்று ஊரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டார்கள். சோடா கடைக்காரர் டேனரி கேட்டிலேயே அவனை மடக்கினார்.

"பஞ்சா ஏரிக்கு வரும்ல?"

"எப்பவும் வர்றதுதானே அண்ணா."

"அதான் கேட்டேன். வர்லன்னு வெய்யி, கொல்ட்டிங்களுக்கு இந்த ஊர்ல இன்னா வேலைன்னு ஆளுங்க கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன்பா. ஆளுங்க கேப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, எடுத்த பீடியைப் பற்ற வைக்காமலே நசுக்கிப் போட்டான்.

அதே வாரம் ஏரிக்கு அக்கரையிலிருந்து அவனுடைய அண்ணன் ஆள் அனுப்பினான். அந்தத் தலைவன் பின்னால் பஞ்சா தூக்கிக்கொண்டு வந்தால், செத்தாலும் எங்கள் வாசலை மிதிக்காதே, ஏரிக்கரையில் எங்கள் ஆட்கள் கம்போடு காத்திருக்கிறார்கள் என்று சேதி. அதை என்னிடம் சொன்னது என் சிநேகிதனின் பெண்சாதி. குழந்தை உருட்டி விளையாடுகிற சைக்கிள் வளையத்தைச் சரிபண்ண வந்தவள், வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"போனா அந்தப் பக்கம் வூடு இல்ல. போவாட்டி இந்தப் பக்கம் வூடு இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணா, அவர ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அவன் மாட்டேனென்று தலையை ஆட்டினான். "வேண்டுதல்ணா. புள்ள தலைல அடிச்சிப் பண்ணது" என்றான்.

பத்தாம் நாள் காலையிலிருந்தே ஊர் சரியில்லை. கடைகள் பாதிப் பலகையைத்தான் திறந்தன. ஜட்காக்காரர்கள் குதிரையை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார்கள். பாதிப் பேர் பிள்ளைகளை ஆம்பூருக்கு, குடியாத்தத்துக்கு என்று உறவுக்காரர் வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். பானகம் கரைத்து வைக்கிற பானைகளைப் பெண்கள் தெருவில் வைக்காமல் வாசலுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். முகம் தெரியாத ஆட்கள் இரண்டு லாரிகளில் வந்து இறங்கினார்கள். அவர்கள் யாரிடமும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பண்டிகைக்கு வருகிறவன் எங்கள் ஊரில் முதலில் தண்ணீர்தான் கேட்பான்.

நான் கரையில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கரையில் ஒரு கும்பல், அவர்களுக்கு முன்னால் அவர்கள் போலீஸ். இக்கரையில் எங்கள் போலீஸ். நடுவில் அரை ஏரித் தண்ணீர். காற்றே இல்லை.

தலைவர் காரில் வந்தார். எதிர்பார்த்த மாதிரி அதட்டுகிற ஆள் இல்லை. மெல்லிய குரல். ரோஜா மாலை போட வந்தவர்களைத் தடுத்து, "இன்று துக்கநாள் அல்லவா?" என்றார். சோடா கடைக்காரர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்தார். தலைவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்த ஏரி எந்தப் பக்கம் வடியும்?"

"நெறஞ்சிச்சின்னா ரெண்டு பக்கமும் வடியும் ஐயா."

ரொம்ப நேரம் சிரித்தார். நல்ல மனுஷன்தான் என்று நினைத்தேன். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

வெயில் தாழ்ந்தபோது தப்பட்டைச் சத்தம் கேட்டது. டேனரிக்குப் பின்னாலிருந்து புழுதி கிளம்பியது. அதற்கு மேலே வெள்ளிக் கை, வெயிலில் மின்னி மின்னி வந்தது. டேனரி தாண்டினால் பாதை இரண்டாகும். ஒன்று ஏரிக்கு, இன்னொன்று கானாற்றுக்கு. கானாறு மழை பெய்தால் ஓடும், மற்ற நாளில் வெறும் மணல். பிரிகிற இடத்தில் பஞ்சா நின்றது. தப்பட்டை நிற்கவில்லை. மூங்கில் ஒருமுறை முன்னால் சாய்ந்தது, ஒருமுறை பின்னால் சாய்ந்தது. பிறகு அந்தக் கை மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கானாற்றுப் பக்கம் இறங்கியது. ஊரும் அதன் பின்னால் இறங்கியது.

"ஏன் திரும்புகிறது?" என்றார் தலைவர்.

லாரியில் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் மைக்கைக் கையில் வாங்கினார். அதே மெல்லிய குரல்தான், ஆனால் என் குழாய் வழியாகப் போனபோது மலையில் மோதித் திரும்பிவந்தது.

"பார்த்தீர்களா! தங்கள் சொந்த ஏரிக்கு வரவும் இந்த மக்கள் அஞ்சுகிறார்கள். அவர்களை அஞ்சவைத்தது யார்? இதோ, அக்கரையில் நிற்கிறார்கள்!"

வந்திருந்தால் ஏரி நம்முடையது. வராததாலும் ஏரி நம்முடையது. அக்கரையில் கூச்சல் எழுந்தது. முதல் கல் தண்ணீரில் விழுந்தது. அடுத்தது என் குழாயில் பட்டு, கோயில் மணி உடைந்த மாதிரி ஒரு சத்தம். போலீஸ் தடியோடு ஓடியது. தலைவரைக் காரில் ஏற்றினார்கள். கார் போன பிறகும் லாரி ஆட்கள் போகவில்லை. "தூக்குனவன் எவன்? வூடு எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் செட்டை அப்படியே போட்டுவிட்டுக் கானாற்றுக்கு ஓடினேன். மணலில் என் சிநேகிதன் கையாலேயே ஊற்று தோண்டியிருந்தான். முழங்கை ஆழத்தில் கலங்கலாகத் தண்ணீர் சுரந்திருந்தது. அதை மொண்டு மொண்டு பாய் வெள்ளிக் கையைக் கழுவினார். யாரும் தப்பட்டை அடிக்கவில்லை. எல்லாரும் அவன் வாயையே பார்த்தோம்.

"எறங்கிடுச்சி" என்றான். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

பாய் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். "தப்பிச்சோம்டா" என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நீயாகத் திரும்பினாயா, பஞ்சா திருப்பியதா என்று நான் அவனைக் கேட்கவில்லை. பாயும் கேட்கவில்லை. எங்கள் வழக்கப்படி கேட்கக் கூடாது. கேட்டவர்கள் எல்லாரும் வெளி ஆட்கள்.

மறுநாள் விடிந்தபோது அவன் வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்குத் தாரால் எழுதியிருந்தது. அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. மத்தியானம் அண்ணன் ஆளும் வந்தான். பஞ்சாவைத் திருப்பி அக்கரைக்காரர்கள் மேல் பழி போட வைத்தது நீதானாம், தலைவனோடு பேசிவைத்துக்கொண்டாயாம் என்றான்.

"இங்க கொல்ட்டி. அங்க போனா அரவாடுன்றாங்க" என்றான் என் சிநேகிதன். தமிழனை அவர்கள் சொல்கிற பேர் அது. "ரெண்டு கல்லும் ஒரே தலைக்குத்தான்ணா வருது."

டேனரி மேஸ்திரி கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாய் தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார். நான் என் கடையின் பின்கட்டைக் காட்டினேன். இரண்டையும் அவன் பெண்சாதி வேண்டாமென்றாள். "எங்களால உங்க செவுத்துலயும் எழுதுவானுங்க" என்றாள். ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்கில் ஆள் எடுக்கிறார்களாம், அங்கே எவனும் எந்த ஊர் என்று கேட்க மாட்டானாம்.

புறப்படுகிற அன்று காலை நான் போனபோது மூட்டையெல்லாம் வாசலில் இருந்தது. அவள் மட்டும் புடவையைச் செருகிக்கொண்டு, தென்னை மட்டையைத் தட்டிச் செய்த பிரஷால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு வந்துடும்மா. வுட்டுட்டுப் போற வூட்டுக்கு எதுக்கு வெள்ளை?"

"வாடகைக்கு வர்றவங்க பாவம்ணா. தமிழோ தெலுங்கோ, அவங்களும் இதப் பாத்துக்கினே சோறு துண்ணணுமா?"

அவன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் முடித்துவிட்டுக் கை கழுவினாள். பஸ் ஏறினார்கள். கையசைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் என்னிடம் விட்டுப்போன சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க நான் மத்தியானம் அந்த வழியாகத் திரும்பினேன். சுண்ணாம்பு நன்றாகக் காய்ந்திருந்தது. தார் அதற்கடியிலிருந்து மஞ்சளாக, ஒவ்வொரு எழுத்தாக, மேலே வந்துகொண்டிருந்தது.